கணவாய் கடந்த கதைகள் – 12: ‘ஆமாம்’ போட ஒரு குடும்பம்

1809 பிப்ரவரி 10 அன்று ஆங்கிலேயக் கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையை ஏறிப் பிடித்ததோடு சென்ற இதழ் நின்றது. திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பியின் கலகம் அங்கேதான் முறிந்தது. படை, பல்லக்கு, வரிப்பணம், தோவாளைப் பூக்கூடை என இந்த ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போனவற்றின் பட்டியல் நீளமானது. இந்த இதழில் போவது ஒரு வில். அம்பு எய்யாத வில்; மணி கட்டிய வில்.

ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர் என்று செம்மண்ணும் பனையுமாக விரியும். மேற்கே தோவாளையைத் தாண்டினால் வயலும் குளமும் தென்னையும். 1956 நவம்பர் 1 வரை இரண்டும் இரண்டு அரசாங்கம். கிழக்கே சென்னை மாகாணம், மேற்கே திருவிதாங்கூர், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. ஒரு காலம் வரை பணம் வேறு, சட்டம் வேறு, பள்ளிக்கூடப் புத்தகம் வேறு. சாமி மட்டும் ஒன்று. சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் முத்துப்பட்டனுக்கும் மலைக்கு இந்தப் பக்கமும் பீடம் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. பீடம் இருக்கும் இடமெல்லாம் கொடை என்ற கோயில் திருவிழா உண்டு. கொடை என்றால் வில்லு, அதாவது வில்லுப்பாட்டு, உண்டு.

கணவாயின் வாசலிலேயே முப்பந்தல் இருக்கிறது. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரருக்குக் காற்றாலைகள்தான் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரருக்கு அது இசக்கியின் இடம். நாகர்கோவில் சாலையில் போகும் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் கணவாயைத் தாண்டுகிறார்கள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனைத் தேடி வரும் நீலியின் கதை இங்கே இசக்கியின் கதையாகப் பாடப்படுகிறது. ஊர்ப் பெரியவர்கள் நியாயம் பேசுவதாக நினைத்து அவனை அவளிடமே ஒப்படைக்கும் கட்டம் வரும்போது கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். இத்தனைக்கும் முடிவு அத்தனை பேருக்கும் தெரியும்.

அந்தக் கதையைச் சொல்லும் கருவியைப் பார்க்கலாம். பனை வைரத்திலோ மூங்கிலிலோ செய்த வில், பத்தடிக்கும் மேலே நீளம். இரு நுனியையும் இழுத்துக் கட்டிய தோல் நாண். வில்லின் உடம்பு நெடுக வெண்கல மணிகள். வைக்கோல் பிரிமணையின் மேல் ஒரு மண்குடம். அதன் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டுவார்கள். வில்லின் நடுவில் தலைமைப் பாடகரான அண்ணாவி உட்கார்ந்து இரண்டு கையிலும் வீசுகோலைப் பிடித்து நாணில் அடிப்பார். அடி விழும்போது நாண் அதிரும், மணி குலுங்கும், குடத்துக்குள் அதன் எதிரொலி உருளும். குடக்காரர் ஒரு கையால் குடத்தின் வாயில் கமுகம்பாளைத் தட்டியை அறைவார். பக்கத்தில் உடுக்கை, ஜால்ரா, கட்டை. குடம்தான் மொத்தத்துக்கும் அடிவயிறு. அதில் கீறல் விழுந்தால் அன்றைய கச்சேரியே கரகரத்துப் போகும்.

பாடுபவர்கள் இரண்டு தரப்பு. அண்ணாவியின் பக்கம் வலத்தே பாடுபவர்கள்; எதிர்ப்பக்கம் இடத்தே பாடுபவர்கள். அண்ணாவி ஒரு அடியைப் பாடி விட, மறுபக்கம் அதை வாங்கித் திருப்பிப் பாடும். பாட்டு நின்று வசனம் வரும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ‘ஆமாம்’ வரும். கேள்வி வரும். சந்தேகம் வரும். சில நேரம் குறும்பும் வரும். கதை நகர்வது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான்.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு பொழுதுபோக்கு அல்ல. காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, பிறகுதான் கதை. நள்ளிரவை ஒட்டிச் சாமியின் கதை உச்சத்துக்கு வரவேண்டும் என்பது கணக்கு. அண்ணாவியின் ஒரு கண் ஏட்டில், மறு கண் சாமியாடியின் மேல். அவர் உடம்பு லேசாக நடுங்கத் தொடங்கினால் கதையை அப்படியே நிறுத்திவிட்டு வரத்துப்பாட்டுக்குத் தாவி, தாளத்தை முடுக்கி, அருளைப் பிடித்து இழுத்து வருவார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதிகளில் தங்கி இந்தக் கலையை ஆராய்ந்து 1988-ல் ஒரு நூல் வெளியிட்டார். தெய்வமாகவே பிறந்தவர்களின் கதைகளைவிட, வெட்டுப்பட்டுச் செத்துத் தெய்வமானவர்களின் கதைகளில்தான் சாமி அதிகம் வருகிறது என்று அவர் கவனித்துச் சொன்னார். கொடை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனாலும் அதை ஒரு வெளிநாட்டுக்காரர் கணக்கெடுத்து எழுத வேண்டியிருந்தது.

இந்த வில்லைக் கோயில் முற்றத்திலிருந்து தூக்கி, சபா மேடைக்கும் வானொலி நிலையத்துக்கும் கொண்டுபோன கதையில் இரண்டு பெயர்கள் முக்கியம். ஒருவர் கணவாய்க்கு மேற்கே பிறந்தவர், மற்றவர் கிழக்கே.

மேற்கே பிறந்தவரைத் தமிழ்நாட்டுக்கே தெரியும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்த என்.எஸ். கிருஷ்ணன். அப்பா பெயர் சுடலைமுத்து, அம்மா பெயர் இசக்கியம்மாள். வில்லுப்பாட்டின் இரண்டு பெரிய கதாபாத்திரங்களும் அவர் வீட்டிலேயே இருந்தார்கள். சின்ன வயதில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1936-ல் ‘சதி லீலாவதி’ மூலம் சினிமாவுக்குள் நுழைந்தார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி, 1947 ஏப்ரலில் விடுதலையாகி வெளியே வந்தார். அதே ஆண்டில் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் சூட்டிய பட்டம்தான் ‘கலைவாணர்’.

அடுத்த ஆண்டு ஜனவரி 30 அன்று காந்தி கொல்லப்பட்டார். கலைவாணர் ஆடிப்போனார். நாகர்கோவிலில் சொந்தச் செலவில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பினார். அதோடு அவருக்கு மனம் அடங்கவில்லை. காந்தியின் கதையை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும், பாமரனுக்கும் பிடிபடுகிற வடிவத்தில் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டுக்காரருக்கு அந்த இடத்தில் வேறென்ன தோன்றும்? வில்லுதான். கொலைப்பட்டவரின் கதையை வில்லில் பாடுவது இந்த மண்ணுக்குப் பழகிய வழி. அவர் அதை அப்படி யோசித்தாரோ இல்லையோ, பொருத்தம் பொருத்தம்தான்.

எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். அங்கேதான் கிழக்குப் பக்கத்து இளைஞர் வருகிறார்.

சுப்பு ஆறுமுகம் 1928 ஜூலை 12 அன்று திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே முருகன் மேல் பாட்டுக் கட்டியவர். கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டுக் காது பழகிய ஊர்ப் பிள்ளை. திருநெல்வேலிக்கு வந்த கலைவாணரின் கவனத்தில் இவர் பாட்டு பட்டது. 1948-ல் அவர் இளைஞரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். காந்தி கதை வில்லுப்பாட்டாக உருவானது. அப்போது இளைஞருக்கு வயது இருபது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. காந்தி, வில்லுப்பாட்டு, சுப்பு என்ற மூன்று சொல்லையும் சேர்த்துச் சொன்னால் பலருக்குக் கொத்தமங்கலம் சுப்பு நினைவுக்கு வருவார். அதுவும் தப்பில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதிய அந்தச் சுப்புவும் ‘காந்தி மகான் கதை’யை வில்லுப்பாட்டாகப் பாடிப் புகழ்பெற்றவர். ஆனால் அவர் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர், 1910-ல் பிறந்தவர், ஜெமினி ஸ்டூடியோ வழியாக வளர்ந்தவர். அவருக்கு வில் பல வேலைகளில் ஒன்று. சுப்பு ஆறுமுகத்துக்கு அதுதான் முதல் வேலை.

கலைவாணரிடம் சேர்ந்தவர் வில்லோடு நிற்கவில்லை. கலைவாணரின் 19 படங்களுக்கு நகைச்சுவைப் பகுதி எழுதினார். கலைவாணர் 1957 ஆகஸ்ட் 30 அன்று 49 வயது நிறையும் முன்னே போய்விட்ட பிறகு, நடிகர் நாகேஷுக்குச் சுமார் 60 படங்களுக்கு எழுதினார். அந்தக் காலத் திரைப்படத்தில் நகைச்சுவைப் பகுதி எழுதுபவரின் பெயர் பெரும்பாலும் சுவரொட்டிக்கு வராது. சிரித்தவர்களுக்கு யார் எழுதியது என்று தெரியாது. ஆனால் இரண்டு பேர் மாறி மாறிப் பேச, மூன்றாவது வரியில் வெடிக்கிற அந்த நகைச்சுவையின் கட்டுமானம் வில்லுப்பாட்டில் இருப்பதுதான். ஒருவர் நீட்ட வேண்டும், மற்றவர் வெட்ட வேண்டும். சுப்பு ஆறுமுகம் சினிமாவில் கற்றதை வில்லுக்குக் கொண்டுவந்தாரா, வில்லில் கற்றதைச் சினிமாவுக்குக் கொண்டுபோனாரா என்று பிரிப்பது வீண் வேலை.

சினிமாவிலேயே தங்கியிருந்தால் கையில் காசு புரண்டிருக்கும். அவர் வில்லுக்குத் திரும்பினார்.

திரும்பியவர் கையில் இருந்தது பழைய வில் அல்ல. மூன்று இரவு நீளும் கதையை ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கினார். சாமி வரவேண்டிய கட்டத்தில் கைதட்டல் வந்தது. இராமாயணம், மகாபாரதம், பாரதியார், திருவள்ளுவர், விடுதலைப் போராட்டம் என்று பாடுபொருள் மாறியது. அகில இந்திய வானொலியும் பிறகு தொலைக்காட்சியும் அவரைத் தமிழ்நாட்டின் எல்லா மூலைக்கும் கொண்டுபோயின. சிறுசேமிப்பு, குடும்பநலம், எழுத்தறிவு என்று அரசாங்கம் மக்களிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் வில்லுப்பாட்டுக்காரரைத் தேடும் வழக்கம் அந்தக் காலகட்டத்தில்தான் வேரூன்றியது.

இதில் இழப்பே இல்லை என்று சொன்னால் அது முகஸ்துதி. கொடை மேடையில் அண்ணாவிக்கு ஒரு அதிகாரம் உண்டு. அவர் பாட்டு ஒரு மனிதனை ஆட வைக்கும். ஆடியவன் வாக்குச் சொல்வான். ஊர் அதைக் கேட்கும். சபா மேடையில் அந்த அதிகாரம் கிடையாது. வெட்டுப்பட்ட மாடன்களின் கோபம் சென்னை மேடையில் ஏறவில்லை; ஏறியிருந்தால் வானொலி நிலையம் தாங்கியிருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். திருச்சிக்கு வடக்கே வில்லுப்பாட்டு என்றால் என்னவென்று தெரியாதிருந்த தலைமுறை, சுப்பு ஆறுமுகத்தின் குரலில்தான் அதை முதலில் கேட்டது. பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் சின்னப் பிள்ளைகள் அட்டையில் வில் செய்து பாடுகிறார்களே, அந்தப் பழக்கத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனாலும் பெரும்பாலும் அவரிடம்தான் போய்ச் சேரும்.

‘ஆமாம்’ சொல்பவருக்கு வருவோம். வில்லுப்பாட்டைத் தெரியாதவர்கள் அதைச் சுலபமான வேலை என்று நினைப்பார்கள். அண்ணாவி கதையை மறந்தால் அடுத்த வரியைக் கேள்வியாக எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். கூட்டம் சோர்ந்தால் ஒரு குறுக்குக் கேள்வி போட்டு எழுப்புபவரும் அவர். அண்ணாவி மூச்சு வாங்கும் அந்த அரை நொடியை ‘தந்தனத்தோம்’ என்று பொருளில்லாத அசைகளால் நிரப்பி, தாளம் விழாமல் ஏந்துவதும் அந்தப் பக்கம்தான். முன்னால் பாடுபவரின் மூச்சு இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உலகத்தின் இன்னொரு மூலையிலும் ஏறத்தாழ அதே நேரத்தில் இப்படியொரு பாட்டு எழுந்துகொண்டிருந்தது. சுப்பு ஆறுமுகம் சென்னைக்கு வந்த அதே 1948-ல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் ஐந்து பேர் ‘ஓரியோல்ஸ்’ என்ற பெயரில் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். சன்னி டில் முன்னால் பாட, மற்றவர்கள் பின்னால் அசைகளை அடுக்கி ஒலிப்பந்தல் போட்டார்கள். தெருமுனையில், படிக்கட்டடியில், வாத்தியம் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் வாயையே வாத்தியமாக்கிப் பாடிய அந்தப் பாணிக்குப் பிறகு ‘டூ-வாப்’ என்று பெயர் வந்தது. அந்தப் பெயரே பின்பாட்டுக்காரர்கள் போட்ட பொருளில்லாத அசைதான். 1954-ல் ‘கார்ட்ஸ்’ குழுவின் ‘ஷ்-பூம்’ அமெரிக்கா முழுக்க ஒலித்தது. முன்னால் ஒருவர், பின்னால் நாலு பேர், நடுவே அர்த்தமில்லாத ஆனால் இல்லாமல் முடியாத ஓசை. முப்பந்தல் கொடையில் உட்கார்ந்து கேட்டிருக்கும் ஒரு குடக்காரருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே பின்பாட்டு தெரு நண்பர்களுடையது. பல குழுக்கள் ஓரிரு இசைத்தட்டுகளோடு கலைந்தன. சுப்பு ஆறுமுகத்தின் பின்பாட்டு அவர் வீட்டிலிருந்தே வந்தது.

குழு என்று வெளியே ஆள் தேடுவதற்குப் பதில், அவர் குடும்பத்தையே வில்லைச் சுற்றி உட்கார வைத்தார். மகள் பாரதி சின்ன வயதிலேயே அப்பாவின் எதிரில் உட்கார்ந்து ‘ஆமாம்’ சொல்லத் தொடங்கியவர். பின்னாளில் பாரதி திருமகன் என்ற பெயரில் தானே வீசுகோலை எடுத்து வில்லின் நடுவில் உட்கார்ந்தார். பேரன் கலைமகனும் அந்த வில்லுக்கே வந்து சேர்ந்தார். அப்பா, மகள், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே மேடையில் உட்கார்ந்து பாடியதைச் சென்னை ரசிகர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் குடும்பம் என்பது பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் வரும் மன்னிப்புக் கோரல். ஊர் ஊராகச் சுற்றினார், பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்க்கவில்லை என்று ஒரு வரி இருக்கும். இவர் விஷயத்தில் அந்த வரி எழுத முடியாது. கச்சேரிக்குப் போகும் வண்டியில் வீடும் சேர்ந்து ஏறியது. அதில் ஒரு நடைமுறைக் கணக்கும் உண்டு. வில்லுப்பாட்டுக்கு ஆள் பழக்க ஆண்டுகள் ஆகும். பழக்கிய ஆள் வேறு குழுவுக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுப் பிள்ளை காலைக் காப்பிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே பாட்டைக் கேட்டே வளர்கிறது. அப்பா எந்தச் சொல்லில் மூச்சு இழுப்பார் என்பது பாடம் நடத்தி வருவதில்லை. அவர் பெண்ணை வில்லின் நடுவில் உட்கார வைத்ததற்கு அந்தக் கணக்கைத் தாண்டிய ஒரு துணிச்சலும் தேவைப்பட்டிருக்கும். கொடை மேடைகளில் அண்ணாவி என்றால் அநேகமாக ஆண்தான்.

அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணவாய்க்கு மேற்கே, கொட்டாரம் பக்கத்துச் சரவணந்தேரியில் பூங்கனி இருந்தார். கோயில் கொடைகளில், விடிய விடிய, பெண்ணாகவே வில்லின் நடுவில் உட்கார்ந்து பாடிப் பேர் வாங்கியவர். பத்மஸ்ரீ அவர் வாசலுக்கு வரவில்லை. முதுமையில் வறுமையிலேயே இருந்து 2018-ல் மறைந்தார். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்திலேயே தோவாளை சுந்தரம் பிள்ளையின் பெயரை வில்லுக்காரர்கள் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். சென்னைக்குப் போன வில்லைப் பற்றி எழுதும்போது, போகாமல் ஊரிலேயே இருந்த வில்லுகளை மறந்துவிட்டால் வரலாறு ஒரு காலில் நொண்டும். சென்னைக்குப் போனவர்களுக்குத்தான் பெரிய விருது கிடைத்தது என்பது இந்தக் கலையின் கதையில் உறுத்தும் பகுதி. அதற்குச் சுப்பு ஆறுமுகத்தைக் குறை சொல்ல வழியில்லை. அவர் வில்லைத் தூக்கிக்கொண்டு போகாமலிருந்தால் பூங்கனியைத் தேடிச் சென்னையிலிருந்து யாராவது வந்திருப்பார்களா என்பதும் சந்தேகம்தான்.

சுப்பு ஆறுமுகத்துக்கு 1975-ல் கலைமாமணி கிடைத்தது. 2004-ல் சங்கீத நாடக அகாதமி விருது. பத்மஸ்ரீ வர 2021 ஆனது. அப்போது வயது 92. ‘வில்லிசை இராமாயணம்’, ‘வில்லிசை மகாபாரதம்’ ஆகியவை நூல்களாக உள்ளன. வில்லுப்பாட்டு ஏடுகள் பல கரையான் தின்று போன நாட்டில், தான் பாடியதை அச்சில் போட்டு வைத்தது சின்னக் காரியம் அல்ல. அச்சில் ‘ஆமாம்’ எங்கே வரும் என்பதுகூட இருந்தால், இன்னொரு குடும்பம் அதை எடுத்துப் பாடலாம்.

2022 அக்டோபர் 10 அன்று சென்னையில் சுப்பு ஆறுமுகம் காலமானார். வயது 94. ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் கொடைக்கு வில்லு வைப்பது இன்னும் நடக்கிறது. ஒலிபெருக்கி வந்துவிட்டது, சில இடங்களில் குடத்தோடு ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்துவிட்டன, மூன்று இரவு ஒரே இரவாகக் குறைந்திருக்கிறது. வில்லின் நடுவில் இளம்பெண்கள் உட்கார்ந்து பாடும் குழுக்கள் இப்போது அதிகம். அவர்களில் பலருக்குக் குடம் அடிப்பவர் அண்ணனாகவோ சித்தப்பாவாகவோ இருப்பதையும் பார்க்கலாம்.

அடுத்த இதழில்: 1981-ல் திருநெல்வேலியிலிருந்து ரயில் இந்தக் கணவாய்க்குள் நுழைந்த கதை.

(தொடரும்)